சோளத்துக்கு விற்ற பிள்ளையும் எங்கட துறைமுகமும்

பிஷோ ஜார்சா என்ற பெயரை எங்கட எந்தப் பாடப்புத்தகத்திலயும் நான் கண்டதில்லை. இந்து சமுத்திரத்தில் நடந்த அடிமை வணிகம் பற்றி ஒரு அசைன்மென்டுக்காகத் தேடிக்கொண்டிருந்தபோது, நாலாவதோ அஞ்சாவதோ பிடிஎஃப்பில் வந்து மாட்டினவ. அசைன்மென்ட் குடுத்து முடிஞ்சுது, மார்க்ஸும் வந்திட்டுது. ஆனா அந்தப் பிள்ளை மட்டும் என்னை விட்டுப் போகேல்ல.

கதை சுருக்கமாக இதுதான். பிஷோ எத்தியோப்பியாவின் ஒரோமோ இனத்துப் பிள்ளை. 1880களின் பஞ்சத்தில் தாய் தகப்பன் இறந்துபோனார்கள். யாருடைய பொறுப்பில் இருந்தாளோ அவர்களே கொஞ்சச் சோளத்துக்கு அவளை விற்றார்கள். பிறகு கை மாறிக் கை மாறிக் கரைக்கு வந்து, செங்கடலைத் தாண்டி அரேபியாவுக்குப் போகும் பாய்க்கப்பல் ஒன்றில் ஏற்றப்பட்டாள். 1888 செப்டெம்பரில் ஒஸ்ப்ரே என்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பல் அந்தப் பாய்க்கப்பல்களை மறித்தது. 204 பேர் மீட்கப்பட்டார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். முதலில் ஏடனில் இருந்த ஸ்கொட்லாந்து மிஷனிடம் கொண்டுபோய் விட்டார்கள். ஏடனின் வெக்கையும் நோயும் பிள்ளைகளைத் தின்னத் தொடங்க, 1890இல் அவர்களில் 64 பேரைத் தென்னாபிரிக்காவின் லவ்டேல் என்ற மிஷன் பள்ளிக்குக் கப்பல் ஏற்றினார்கள். பிஷோவும் அதில் ஒருத்தி.

லவ்டேலில் நடந்த ஒரு காரியத்தால்தான் இன்று நாங்கள் அவளைப் பற்றிப் பேச முடிகிறது. அந்த 64 பிள்ளைகளிடமும் ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டு எழுதினார்கள். உன் பேர் என்ன, அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன, எத்தனை பேர் கூடப் பிறந்தவர்கள், வீட்டில் எத்தனை மாடு, யார் பிடித்தது, எத்தனை தரம் விற்றார்கள், எந்த வழியாக நடத்திக் கொண்டு போனார்கள். அடிமை வணிகத்தைப் பற்றிய ஆவணங்களில் அதிகமானவை விற்றவன், வாங்கினவன், மறித்தவன் எழுதியவை. பிடிபட்ட பிள்ளைகளே, அதுவும் பிடிபட்டுச் சில வருசத்துக்குள்ளேயே சொன்ன கதைகள் ஒரு கூட்டமாகக் கிடைப்பது மிக அரிது. சாண்ட்ரா ஷெல் என்ற தென்னாபிரிக்க ஆய்வாளர் அந்தக் கதைகளை வைத்து 2018இல் ஒரு பெரிய நூலே எழுதியிருக்கிறார்.

உலகத்தில் எத்தனையோ அடிமைப் பிள்ளைகளுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. 1761இல் அமெரிக்காவின் பொஸ்டன் துறைமுகத்தில் ஏழு வயதளவில் ஒரு மேற்கு ஆபிரிக்கச் சிறுமி இறக்கப்பட்டாள். விழுந்திருந்த பால்பற்களைப் பார்த்துத்தான் வயதையே மதிப்பிட்டார்கள். கொண்டுவந்த கப்பலின் பெயர் பிலிஸ். அதையே அவளுக்கும் வைத்து, வாங்கின வீட்டின் பெயரையும் சேர்த்தார்கள். பிலிஸ் வீட்லி. 1773இல் அவளுடைய கவிதைத் தொகுப்பு லண்டனில் வெளிவந்தது. அத்தனை கவிதை எழுதியவளின் சொந்தப் பெயர் என்ன என்று இன்றைக்கும் தெரியாது. சூடானில் பிறந்த பகீதாவுக்கும் அதேதான். பிடிபட்ட அதிர்ச்சியில் தன் பெயரையே மறந்துபோனாள். பிடித்தவர்கள் வைத்த 'பகீதா' என்ற பெயருக்கு அரபியில் 'அதிர்ஷ்டக்காரி' என்று அர்த்தம். இதைவிடக் குரூரமான பகிடி உண்டா தெரியாது. 1889இல் இத்தாலிய நீதிமன்றம் ஒன்று அவள் சட்டப்படி ஒருபோதும் அடிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு கன்னியாஸ்திரி ஆனாள். 2000ஆம் ஆண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவளைப் புனிதர் ஆக்கியது. பலிபீடத்தில் வைத்து வணங்கும்போதும் அவளைக் கூப்பிடுவது பிடித்தவன் வைத்த பெயரால்தான்.

பிஷோவுக்குப் பெயர் மிஞ்சியது. ஆனால் மொழி மிஞ்சியதா?

அவள் லவ்டேலில் படித்தாள். அந்தப் பெண் பிள்ளைகளில் அதிகமானோரை வீட்டுவேலைக்குப் பழக்கினார்கள். ஆசிரியையாகப் பயிற்சி பெற்ற மிகச் சிலரில் பிஷோ ஒருத்தி. பிறகு தென்னாபிரிக்காவிலேயே கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டாள். 1909இல் அந்த 64 பேரில் சிலர் எத்தியோப்பியாவுக்குத் திரும்பிப் போனபோது அவள் போகவில்லை. வயதான காலத்தில் தனியே இருந்து யாருக்கும் விளங்காத ஒரு பாஷையில் முணுமுணுப்பாளாம். பேரப்பிள்ளைகள் கேட்டால், 'அம்மம்மா கடவுளோட கதைக்கிறா' என்று தாய் சமாளிப்பாவாம். அது ஒரோமோ மொழி என்று அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பதில் சொல்ல ஒருவரும் இல்லாத ஊரில், தனக்குத் தானே தாய்மொழி பேசிக்கொண்டிருந்த ஒரு கிழவி. எனக்கு அந்த இடத்தைத் தாண்டி வாசிக்க முடியாமல் லைப்ரரிக்கு வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் நெவில் அலெக்சாண்டர். நிறவெறி அரசை எதிர்த்ததற்காக ரொபன் தீவில் பத்து வருசம் சிறை இருந்தவர், மண்டேலா இருந்த அதே சிறை. வெளியே வந்து வாழ்நாள் முழுக்க அவர் செய்த வேலை என்ன தெரியுமா? மொழி உரிமை. பிள்ளைகள் தங்கட தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று 2012இல் இறக்கும் மட்டும் எழுதினார், வாதாடினார். அம்மம்மாவின் முணுமுணுப்புத்தான் காரணம் என்று நான் சொல்ல வரேல்ல. ஆனால் ஒரு வீட்டில் தொலைந்துபோன மொழி மூன்றாம் தலைமுறையில் இப்படித் திரும்பிவந்தது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது.

சரி, இதுக்கும் திருகோணமலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீங்கள்.

ஒஸ்ப்ரே கப்பல் சேர்ந்திருந்தது பிரித்தானியாவின் கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவில். அந்தப் பிரிவின் முக்கியத் தளம் எங்கட துறைமுகம். ஆபிரிக்கக் கிழக்குக் கரையிலும் பாரசீக வளைகுடாவிலும் அடிமைக் கப்பல்களைத் துரத்திய அந்தக் கடற்படைக்குத் திருகோணமலை ஒரு வீடு மாதிரி. டொக்யார்ட் வீதியால் போகும்போது மதிலுக்கு அப்பால் தெரியும் அந்தப் பழைய கட்டடங்களை நான் இப்ப வேற மாதிரித்தான் பார்க்கிறேன். 'எங்கட துறைமுகம் அடிமைகளை மீட்டிருக்கு' என்று பெருமைப்பட்டுக்கொண்டு இந்தக் கட்டுரையை இதோடு முடிக்கலாம். முடிக்க விடாமல் பண்ணுவதும் இதே துறைமுகம்தான்.

கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில் மூதூர். அங்கே 1660இல் புயலில் பாய்மரம் முறிந்த ஒரு ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக ஒதுங்கியது. கப்டனையும் அவர் மகனையும் இன்னும் சிலரையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த மகன்தான் ரொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது வயசில் பிடிபட்டு, பத்தொன்பது வருசத்துக்கு மேல் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, 1679இல் தப்பியோடி, 1681இல் இலங்கையைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வரலாறு படிக்கிற எல்லாருக்கும் இது தெரியும். அவரைப் பிடித்த இடம் என்று சொல்லப்படும் மரத்தடியில் நினைவுக் கல்லும் இருக்கு.

அதற்குப் பிறகு நொக்ஸ் என்ன செய்தார் என்பதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கேல்ல. கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் கப்டன் ஆனார். 1680களில் அந்தக் கப்பலை மடகஸ்காருக்கு ஓட்டிப்போய் அங்கே அடிமைகளை வாங்கி செயின்ட் ஹெலெனாத் தீவுக்குக் கொண்டுபோனார். தாய்நாட்டை நினைத்து நினைத்துப் பத்தொன்பது வருசம் ஏங்கின மனுசன், அதே ஏக்கத்தைக் காசுக்காக இன்னொருத்தருக்குக் குடுத்திருக்கிறார். தான் பட்ட கஷ்டம் மனுசனைத் தானாகவே நல்லவனாக்கும் என்று நாங்கள் நம்ப விரும்புகிறோம். அப்படி ஒன்றும் இல்லை. இந்த வரியை எழுதும்போது நொக்ஸை மட்டும் நான் நினைக்கேல்ல. அதுக்குப் பிறகு வாறன்.

திருகோணமலையில் பிறந்த எல்லாருக்கும் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்துக் கோட்டை கட்டிய கதை தெரியும். 1620களில், கொன்ஸ்டன்டைன் டி சா காலத்தில் நடந்தது. சின்ன வயசிலிருந்து கேட்டுக் கேட்டு, கோட்டை வாசலால் மான்களைப் பார்த்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு கல்லிலும் கோவிலைத் தேடும் பழக்கம் எங்களுக்கு உண்டு. அந்தப் போர்த்துக்கேயர் தங்கட படைக்கும் வேலைக்கும் ஆபிரிக்கர்களைக் கொண்டுவந்தார்கள் என்பதும் வரலாறுதான். ஒல்லாந்தரும் அடிமைகளை வைத்திருந்தார்கள். கொழும்பில் அவர்களை இரவில் அடைத்து வைத்த இடத்துக்கு 'ஸ்லேவ் ஐலண்ட்' என்றே ஆங்கிலத்தில் பெயர் விழுந்தது. பிறகு வந்த ஆங்கிலேயர்கள் கோவாவில் போர்த்துக்கேயரிடம் ஆபிரிக்கர்களை விலைக்கு வாங்கித் தங்கட இலங்கைப் படைப்பிரிவில் சேர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அடிமைக் கப்பலை மறித்த அதே பிரித்தானியா, அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமைகளை வாங்கிச் சீருடை போட்டுவிட்டது. கோட்டைக் கல்லில் கோவிலைத் தேடும் நாங்கள், அந்தக் கல்லைச் சுமந்த கை யாருடையது என்று கேட்டதில்லை.

அந்த ஆபிரிக்கர்களின் வழி வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதிகம் பேருக்குத் தெரிந்தது புத்தளத்துச் சிறாம்பியடி. படைப்பிரிவு கலைந்த பிறகு அங்கே குடியேறியவர்களின் சந்ததி. கையில் கிடைத்ததைத் தட்டி, மெல்லத் தொடங்கி, போகப்போக வேகமாகிற அவர்களின் மஞ்ஞா பாட்டு இப்ப யூடியூபில் கிடக்கு. திருகோணமலையிலும், பறங்கியர் குடும்பங்களோடு சேர்ந்து அந்த வழிவந்த குடும்பங்கள் வாழ்ந்திருக்கின்றன. பறங்கியர் என்றால் எங்களுக்குப் பாலையூற்றுத்தான் முதலில் ஞாபகம் வரும். எங்கட கலியாண வீடுகளில் ஆடாத ஆளையும் ஆட வைக்கிற பைலாவுக்குள் கஃப்ரிஞ்ஞா என்று ஒரு தாளம் இருக்கு. பெயரிலேயே அந்த ஆபிரிக்கர்கள் இருக்கிறார்கள். ஆடுவோம். யாருடையது என்று கேட்க மாட்டோம். சனத்தொகைக் கணக்கெடுப்பின் இனப் பட்டியலிலும் அவர்களுக்கென்று ஒரு பெட்டி இல்லை. 'ஏனையோர்'.

ஆனால் அந்தச் சொல் மட்டும் எங்கட வாயில் நல்லா இருக்கு. காப்பிரி, பேச்சில் காப்பிலி. 'இறை மறுப்பாளன்' என்ற அரபுச் சொல், அரபு வணிகர்களிடமிருந்து போர்த்துக்கேயர் வாய்க்குப் போய், அங்கேயிருந்து எங்களிடம் வந்தது. தென்னாபிரிக்காவில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் கோர்ட்டுக்குப் போகவேண்டி வரும். எங்கட ஊரில் தலைமயிர் சுருண்டு நிறம் கறுத்த எந்தப் பிள்ளைக்கும் அது பட்டப்பெயர். கோடை வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் 'காப்பிலி மாதிரி வந்து நிக்கிறாய்' என்று அம்மாமார் பேசுவார்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் தங்கட அயலில் உள்ள கறுப்பினத்தவரைப் பற்றிச் சொல்லும்போதும் இதே சொல்தான். அகதியாய்ப் போன இடத்திலும் இந்தச் சொல்லைப் பத்திரமாகக் கொண்டுபோயிருக்கிறோம்.

ஏஎல் படிக்கும்போது பக்கத்து வாங்கில் ஒரு பிள்ளை இருந்தவள். நல்ல சுருட்டை முடி. வகுப்பில் சில பேர் அவளை அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் ஒரு ஆசிரியரும் பகிடிக்கு அதையே சொல்ல, முழு வகுப்பும் சிரித்தது. அவள் எழும்பி, 'ஓம் சேர், எங்கட அப்பாட ஆக்கள் காப்பிரிதான். அதுல என்ன இருக்கு?' என்றாள். கோபமாகக்கூட இல்லை. பேர் என்ன என்று கேட்டால் பேர் சொல்வது மாதிரிச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. எங்கட வாயில் வசவாக இருந்த சொல் அவள் வாயில் ஒரு குடும்பத்தின் பெயராக இருந்தது. அடையாளம் என்றால் என்ன என்று கம்பஸில் எத்தனையோ தியரி படித்திருக்கிறேன். அந்த ஒரு வசனம் அளவுக்கு ஒன்றும் விளங்கப்படுத்தேல்ல.

இப்ப, பின்னுக்கு வாறன் என்று சொன்ன இடத்துக்கு வாறன்.

அடிமை என்றவுடன் எங்களுக்கு வருவது சங்கிலி போட்ட ஆபிரிக்கரும் சாட்டை பிடித்த வெள்ளைக்காரரும். சினிமாவும் நாவலும் தந்த படம் அது. அந்தப் படத்தில் நாங்கள் இல்லை. இல்லாததால் அழுவதும் சுகம். ஆனால் பிஷோவோடு லவ்டேலுக்குப் போன பிள்ளைகளின் வாக்குமூலங்களை வாசித்தால், கரைக்கு வரும் மட்டும் அவர்களைப் பிடித்தவரும் விற்றவரும் வெள்ளைக்காரர் இல்லை. அதேபோல யாழ்ப்பாணத்தின் தேசவழமையை எடுத்துப் பாருங்கள். எங்கட முன்னோரின் வழக்கங்களைக் கேட்டு 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த சட்டம். சீதனம், முதுசம் பற்றி இன்றும் கோர்ட்டில் பேசப்படும் அதே சட்டத்தில் அடிமைகளைப் பற்றித் தனியாக ஒரு பகுதி இருந்தது. அந்த அடிமைகள் ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் இல்லை. எங்கட மொழி பேசினவர்கள், எங்கட ஊரில் பிறந்தவர்கள். வித்தியாசம் சாதி ஒன்றுதான்.

1818இல் ஆங்கிலேயர் அடிமைகளைப் பதிவு செய்யச் சட்டம் போட்டார்கள். 1821இல் வந்த இன்னொரு ஒழுங்குவிதி, கோவியர், நளவர், பள்ளர் சாதிகளைச் சேர்ந்த அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளைப் பிறந்தவுடனேயே அரசாங்கம் காசு குடுத்து விடுவிக்கும் என்றது. ஏன் பெண் குழந்தை மட்டும்? அடிமைத்தனம் தாய்வழியாக இறங்குவது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. பெண் குழந்தைகளை விடுவித்தால் ஒரு தலைமுறைக்குப் பிறகு அடிமைகள் பிறக்க மாட்டார்கள் என்பது கணக்கு. சொந்தக்காரருக்குக் குடுத்த விலை சாதியைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று றிக்ஸ்டொலர். பிறந்து கண் திறக்காத பிள்ளைக்கு விலை, அந்த விலைக்குள்ளும் ஒரு சாதிப் படி. 1844இல்தான் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முழுசாக ஒழிந்தது. பிஷோவைச் சோளத்துக்கு விற்ற கதையைப் படித்து 'ச்சீ' என்று சொன்ன வாயால் இதையும் வாசிக்க வேண்டியிருந்தது.

லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மம்மாட்ட கேட்டேன். 'அம்மம்மா, எங்கட ஆக்களிட்ட அடிமை இருந்தவையா?'

'அடிமை எண்டு சொல்லாத பிள்ளை. அவை எங்கட ஆக்கள்' என்றா. கொஞ்சம் பொறுத்து, 'என்ட பூட்டிக்குச் சீதனத்தோட ரெண்டு குடும்பம் வந்ததாம் எண்டு அம்மா சொல்லுவா. கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் அவைதான். நல்ல விசுவாசமான சனம்.'

'அவையிட பேர் என்ன?'

அம்மம்மா யோசிச்சா. அம்மம்மாவுக்கு வயசு எழுபத்தெட்டு, ஞாபகசக்தி எங்களை விடத் திறம். பூட்டியின் தாலிக்கொடி எத்தனை பவுண், காணி எந்தப் பக்கம் எவ்வளவு, எந்தக் கிணற்றில் எத்தனை பங்கு, எல்லாம் சொல்லுவா. அந்த ரெண்டு குடும்பத்தில் ஒருவரின் பெயர்கூட வரேல்ல. 'பேர் ஆருக்குத் தெரியும்? நாங்க பேர் சொல்லிக் கூப்பிடுறேல்லயே' என்றா. பொய் சொல்லேல்ல. உண்மையாகவே தெரியாது. 1844க்குப் பிறகு பிறந்த பூட்டிக்குச் சட்டப்படி அடிமை இருந்திருக்க முடியாது. ஆனால் சட்டம் போன பிறகும் சீதனத்தோடு ஆட்கள் 'வந்தார்கள்'. வந்தார்களா, அனுப்பப்பட்டார்களா என்று வசனத்தைத் திருத்திக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எங்கட வீட்டுக்கும் லவ்டேலுக்கும் இருக்கிற வித்தியாசத்தை அன்றைக்குத்தான் யோசித்தேன். லவ்டேல் மிஷனரிமார் பிள்ளைகளின் மொழியைப் பறித்தார்கள், தங்கட சமயத்தைக் குடுத்தார்கள், எங்கே போக விருப்பம் என்று கேட்காமலேயே கண்டம் மாற்றினார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பேர் கேட்டார்கள். எழுதி வைத்தார்கள். எங்கட வீடு அவ்வளவும் செய்யேல்ல.

நீரா விக்கிரமசிங்க என்ற வரலாற்றாசிரியர் 2020இல் இலங்கையின் அடிமைமுறை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். வழக்குகள், மனுக்கள் என்று பழைய காகிதங்களுக்குள் இருந்து சில பேரை வெளியே கொண்டுவருகிறார். எசமானின் பல்லக்கில் ஏறிப்போன வைரவன். மகனுக்குச் சுன்னத்து வைக்க அனுமதி கேட்ட ராவுத்தன். தன் குழந்தையைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட செலஸ்டினா. சிங்களவரிடமும் தமிழரிடமும் இந்த நினைவு ஏறக்குறைய முற்றாக அழிந்துபோனது என்கிறார். அது தற்செயலாக அழிந்தது என்று நான் நினைக்கேல்ல. நாங்கள் அடக்கப்பட்ட கதையைச் சொல்ல எங்களுக்கு நிறைய நியாயம் இருக்கு. அந்தக் கதைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று இந்தக் கதையைப் பின்வளவில் வைத்துவிட்டோம். நொக்ஸுக்கும் தான் சிறையிருந்த கதை மட்டும்தான் பெரிய கதையாக இருந்திருக்கும்.

செலஸ்டினாவை வாசித்தபோது எனக்கு வந்த முகம் ரிசானா நபீக். இது பழைய கதை இல்லை. துறைமுகத்தில் நின்று பார்த்தால் தெரியும் அந்த மூதூர்தான் ரிசானாவின் ஊர். 1988இல் பிறந்தவள். கடவுச்சீட்டில் 1982. வயசைக் கூட்டி, 2005இல் சவூதிக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக அனுப்பினார்கள். போய்ச் சில கிழமைக்குள் அவள் பார்த்துக்கொண்ட நாலு மாதக் குழந்தை இறந்தது. பால் குடுக்கும்போது புரைக்கேறியது என்று அவள் சொன்னாள். அவளிடம் வாக்குமூலம் எடுத்தபோது மொழிபெயர்த்தவர் அதற்குத் தகுதியானவரா, அவள் தமிழில் சொன்னது அரபியில் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்விகள் கடைசி மட்டும் இருந்தன. 2007இல் மரண தண்டனை தீர்ப்பு. 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டப்பட்டது.

ரிசானா அடிமை இல்லை. சம்பளத்துக்குப் போனவள். பிஷோவையும் அவளையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டு பேருக்கும் அநியாயம். ஆனால் சில விசயம் ஒத்துப் போவதைப் பார்க்காமல் இருக்கவும் ஏலாது. பிள்ளையின் வயசை வேறு யாரோ எழுதுகிறார்கள். பசி பிள்ளையைக் கப்பலிலோ பிளேனிலோ ஏற்றுகிறது. போன வீட்டுக்காரர் சம்மதிக்காமல் வேலையை விட்டு வெளியேற முடியாத ஒரு சட்டம், கஃபாலா என்று பெயர். அவள் பேசும் மொழி அங்கே ஒருவருக்கும் விளங்காது. ஒருத்திக்குக் கேட்டு எழுத ஆட்கள் வந்தார்கள். மற்றவள் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் இன்றும் பெண்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடிமைப்பட்ட ஒரு பிள்ளை விடுதலையைத் தேடுவது என்றால் சங்கிலியை அறுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பிஷோவின் சங்கிலியை ஒஸ்ப்ரே கப்பல் ஒரே நாளில் அறுத்தது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவள் தேடினது வேற ஒன்று. தான் யார் என்று தன் மொழியில் சொன்னால் விளங்கிக்கொள்ள ஒரு ஆள். கடற்படையால் அதைக் குடுக்க முடியாது. சட்டத்தாலும் முடியாது. அது பக்கத்தில் இருக்கிற மனுசர் குடுக்க வேண்டியது.

அதனால்தான் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதாமல் இங்கே எழுதுகிறேன். எங்கட வயசுக்காரருக்கு இதில் செய்ய வேலை இருக்கு. பாலையூற்றிலயும் மட்டக்களப்பிலயும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசுகிற கடைசித் தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. லிஸ்பனிலிருந்து ஆய்வாளர்கள் வந்து அந்த மொழியைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாங்கள் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கிறோம். அவர்கள் விரும்பினால், அவர்களின் அனுமதியோடு, போனை வைத்துக்கொண்டு போய் இருந்து கேட்கலாம். பாட்டை மட்டும் இல்லை, பேரையும் கேட்கலாம்.

இன்னொன்று இதைவிடக் கஷ்டம், ஆனால் பஸ் காசும் தேவையில்லை. உங்கட வீட்டில் இருக்கிற வயசான ஆளிடம், சீதனத்தோடு 'வந்த' ஆட்களின் பெயரைக் கேளுங்கள். உறுதியில் காணியின் நாலு எல்லையும் எழுதியிருக்கும். அந்த ஆட்களின் பேர் எங்காவது இருக்கா என்று பாருங்கள். அப்படி வந்தவர்களின் பிள்ளையாய் நீங்கள் இருந்தால், உங்கட வீட்டில் அந்தப் பேர்கள் கட்டாயம் இருக்கும். அவற்றை எழுதுங்கள். இங்கேயே எழுதுங்கள், நாங்கள் வாசிக்கிறோம்.